ஒன்பதாம் எண் சட்டை

கனடாவில் இருக்கும் மகளோடு ஆறு மாதம் தங்கச் சிதம்பரத்திலிருந்து நானும் மனைவியும் கிளம்ப இருந்தோம். கடலூர் கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்தவன் நான். துணி அடுக்குவதை மற்றவர்களிடம் விட முடியுமா? ஒவ்வொரு துணிக்கும் எண் கொடுத்து, பட்டியலைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினேன். எடை சரியாக இருபத்து மூன்று கிலோ. விமானத்தில் அதற்கு மேல் அனுமதியில்லை.

மனைவி வடகப் பொட்டலத்தோடு வந்தாள்.

"மவ கேட்டது இது ஒண்ணுதாங்க."

"லிஸ்ட்ல இல்லாத பொருள ஏத்துக்க முடியாது" என்று சொல்லி, கயிறு கட்டி அரக்கும் வைத்தேன். அவள் பொட்டலத்தோடு உள்ளே போனாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு பீரோவைத் திறந்தால் காலி. வாசலில் கார் நின்றது. சென்னைக்குக் கூட்டிப்போக வந்த மனைவியின் தம்பி சிரித்தான்.

"என்னா மாமா, பனியனோடவே கனடா போறீங்களா?"

"சட்டய எங்க வச்சீங்க?" என்றாள் மனைவி.

"ஒன்பதாம் எண்" என்று பெட்டியைக் காட்டினேன்.

மைத்துனன் ஸ்க்ரூடிரைவரால் அரக்கை உடைத்தான். சட்டையையும் பேன்ட்டையும் எடுத்துவிட்டு, பட்டியலைத் திருத்தப் பேனா தேடித் திரும்பினேன். அதற்குள் அந்த இடத்தில் வடகம் உட்கார்ந்திருந்தது.

"எட சரியாத்தான் இருக்கும், கையெழுத்து போடுங்க" என்றாள்.

போட்டேன். என் சர்வீசில் எந்தக் காலிப் பணியிடமும் இவ்வளவு சீக்கிரம் நிரப்பப்பட்டதில்லை.