கதவு தோஸ்து

விம்கோ நகர்ப் பக்கம் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிற ரமாபாயைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. தெரியாமல் இருக்கவும் முடியாது, தொண்டை அப்படி. கீழ்த்தளத்தில் அவள் பெருக்கல் நடத்தினால் மாடியில் வரலாறு நடத்துகிறவர் பாடத்தை நிறுத்திவிடுவார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பிறந்தவள். அப்பா பீம்ராவுக்குத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் குடும்பம் இந்தப் பக்கம் இன்னொரு போர்டு வீட்டுக்கு வந்தது. இதே பள்ளியில், இதே கட்டடத்தில்தான் படித்தாள். அதுவும் டி செக்ஷனில்.

அந்த டி செக்ஷனைப் பற்றிச் சொல்லாமல் ரமாபாயைப் பற்றிச் சொல்ல முடியாது. மார்க் பார்த்துத்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறோம் என்று பள்ளியில் சத்தியம் செய்வார்கள். ஆனால் சேர்க்க வருகிற அம்மாவிடம் முதலில் கேட்பது, வீடு எங்கே என்பதைத்தான். சொந்த வீடு, கம்பெனி குவார்ட்டர்ஸ் என்றால் ஏ, பி. போர்டு வீடு, குப்பம் என்றால் டி. டீச்சர்கள் அறையில் அதற்கு டேமேஜ் செக்ஷன் என்று பெயர். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ரமாபாய் மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனித்ததும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே வெறி, அந்தச் செக்ஷனை உடைக்க வேண்டும். கூட்டம் போட்டால் அதைப் பேசுவாள், டீ குடிக்கும்போதும் அதையே பேசுவாள். தலைமையாசிரியை ஜானட் மேடம் நல்லவர்தான். ஆனால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டார். கடைசியில் எல்லாப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அவர் ரமாபாயைக் கூப்பிட்டு, உன் ஆசைப்படி நீயே பிரித்துக்கொள் என்று பத்தாம் வகுப்பை ஒப்படைத்துவிட்டார்.

ரமாபாய்க்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சுக்கு ஒரு டி செக்ஷன் பெண், இரண்டு பக்கமும் மற்றவர்கள் என்று கணக்குப் போட்டாள். ஒரு பெஞ்சில்கூட அவர்கள் இரண்டு பேராக உட்காரக் கூடாது. ஒட்டிக்கொண்டே இருந்தால் எப்போது பழகுவது என்பது அவள் வாதம்.

வகுப்பு மாறுகிற அன்று இரண்டு பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். ஒருத்தி வரலட்சுமி, எண்ணூர்ப் பக்கத்துப் போர்டு வீட்டுப் பெண், கணக்கில் புலி. இன்னொருத்தி ஜூடி, நெட்டுக்குப்பத்துக்காரி. வரலட்சுமிக்கு ஏ, ஜூடிக்கு சி என்று ஆகியிருந்தது.

"நானும் இவளும் ஆறாவதுலேர்ந்து ஒண்ணாவே கீறோம் மிஸ். பிரிக்காதீங்கோ" என்றாள் வரலட்சுமி.

ஏன் என்று ரமாபாய் கேட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் உங்களை முன்னுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், நீங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே என்று ஒரு சத்தம் போட்டு இருவரையும் அனுப்பிவிட்டாள். நல்லது செய்கிற வேகத்தில் இருப்பவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

வெளியிலிருந்து பார்க்கத் திட்டம் பிரமாதமாக நடந்தது. பெற்றோர் சிலர் வந்து கத்தினார்கள். ரமாபாய் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினாள். அதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். அவர்கள் வந்தபோதெல்லாம் ஏ செக்ஷன் முதல் பெஞ்சில் நடுவில் இருந்த வரலட்சுமியைத்தான் எழுப்பிக் கணக்குப் போடச் சொன்னாள். அவளும் போட்டாள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. பரீட்சைப் பயம் என்று ரமாபாய் நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் மதியம் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் தலைசாய்த்திருந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தூக்கமா என்று ரமாபாய் எல்லோர் எதிரிலும் கேட்டாள். வரலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு ரமாபாய் போர்டு வீட்டுக்கே கிளம்பினாள்.

வரலட்சுமி அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் டீச்சரைக் கண்டதும் எழப் பார்த்தாள், முடியவில்லை. சிறுநீரில் கிருமி சேர்ந்து அது கிட்னி வரைக்கும் போய்விட்டது என்று அவள் அம்மா சொன்னாள். இறால் உரித்து உரித்துத் தோல் வெள்ளையாய் ஊறிப்போன கைகள் அந்த அம்மாவுக்கு. குரலில் கோபமே இல்லை, அதுதான் ரமாபாயால் தாங்க முடியாமல் போனது.

"காலைல வூட்ட வுட்டுப் போனா சாய்ந்தரம் வூட்டுக்கு வந்துதான் ஒண்ணுக்குப் போவா டீச்சர். போவணுமேன்னு பயந்துகினு தண்ணியே குடிக்காம கெடந்துகீறா. எங்கிட்டயே இப்பதான் சொன்னா."

பள்ளியில்தான் டாய்லெட் இருக்கிறதே என்று ரமாபாய் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் டாய்லெட் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவள் படித்த காலத்திலேயே கிடையாது. அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு துணை உண்டு. ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கதவு தோஸ்து என்று அவளுக்குப் பெயரே உண்டு. ரமாபாய்க்கும் ஒருத்தி இருந்தாள், எல்சி. எல்சி லீவு போட்டால் ரமாபாயும் அன்று தண்ணீர் குடிக்க மாட்டாள். டீச்சராகி, டீச்சர்கள் டாய்லெட் சாவி கைப்பையில் ஏறிய பிறகு அதெல்லாம் அடியோடு மறந்துபோயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். ஆனால் இவள் சொந்தக் கையாலேயே அல்லவா பிரித்தாள்.

ஏ செக்ஷனில் ஒருத்தியும் கதவைப் பிடிக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒருத்தி புடிக்கிறேன்னா மிஸ்" என்றாள் வரலட்சுமி. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் உள்ள போனதும் கதவ வுட்டுட்டா. எல்லாரும் நின்னுகினு சிரிச்சாளுங்கோ. அப்புறம் நான் யாரையும் கேக்கல."

சி செக்ஷனுக்கு இன்டர்வெல் வேறு நேரம். ஜூடியைப் பார்க்கவே வழி இல்லை. சிரித்த பெண்கள் யாரென்று சொல், அவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்றாள் ரமாபாய். வரலட்சுமி பேர் சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட வைக்கிறேன், பரீட்சை மட்டும் எழுதிவிடு, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றாள் ரமாபாய். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அம்மா சொன்னாள். தாழ்ப்பாள் வரட்டும் டீச்சர், பார்க்கலாம் என்றாள். ரமாபாய் படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிற யோக்கியதை தனக்கு உண்டா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஜானட் மேடம் அறையில் அவள் போட்ட சத்தம் மாடி வரை கேட்டது. மேடம் உடனே மேலே எழுதினார். பதில் வரவில்லை. அது வருகிற வரை காத்திருப்பானேன் என்று ரமாபாய் தானே தச்சனைக் கூட்டிவந்தாள். கதவுப் பலகை அழுகிவிட்டது, ஆணி நிற்காது, கதவையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். கதவு வருவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. வரலட்சுமி எழுதவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் அம்மாவோடு இறால் உரிக்கப் போனாள். அந்த இறால் கொட்டகையில் டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

டீச்சர்கள் டாய்லெட் சாவியை ரமாபாய் ஜானட் மேடம் மேஜையில், அந்தச் சத்தம் போட்ட அன்றே வைத்துவிட்டிருந்தாள். அன்றிலிருந்து பிள்ளைகள் டாய்லெட்டுக்குத்தான் போனாள். முதல் முறை போனது பாட நேரத்தில். வெளியே நின்ற ஒன்றிரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். உள்ளே போய் அழுகிய கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்காரப் பார்த்தாள். கை எட்டவில்லை. கதவு மெல்லத் திறந்துகொண்டே வந்தது.

யாரோ வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்கள்.

"நான் ஜூடி மிஸ். புடிச்சிகினு கீறேன், போங்கோ."

ரமாபாய் வெளியே வந்தாள். ஜூடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வகுப்பு நேரத்தில் வந்திருக்கிறாயே என்று கேட்டதற்கு, இன்டர்வெல்லில் வந்தால் சிரிப்பார்கள் என்றாள்.

"எங்களப் பிரிச்சதுலேர்ந்து எனக்கும் ஆள் இல்ல மிஸ். நீங்க புடிச்சிக்கிறீங்களா?"

ரமாபாய் கதவைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த பாட மணி அடித்தது. அவள் வகுப்பு காத்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.