செத்த சீட்டும் அடிக்கும்

எண்பதுகளில் கடத்தூரில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் பிரஸ்ஸில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தேன். ஒரு நாள் காலை தர்மபுரி பஸ்ஸை எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டு, கண்டக்டர் சின்னராஜ் இறங்கி வந்தார். டிக்கெட் கட்டு அக்குளில், கையில் இரண்டு விளையாட்டுச் சீட்டு.

“இத அச்சுக் கோத்தது யாருங்க?”

“நான்தாங்க.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. செத்தவன் எப்படிங்க திருப்பி அடிப்பான்? எங்க டிரைவரு அடிப்பாங்கறாரு. இதுக்கு ஒரு வழி சொல்லாம வண்டிய எடுக்க மாட்டாராம்.”

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார். “ஏம்பா, செத்தவனுக்கு அப்பறமா பஞ்சாயத்து வெச்சுக்கங்க. உசுரோட இருக்கறவங்கள மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேத்துடுங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களில் அவர் எத்தனையாவது ஆள் என்று எனக்கே மறந்துவிட்டது.

1. எடுத்துப் போட்ட வரி

விஷயம் இதுதான். பொம்மை, வளையல், பலூன் எல்லாம் மொத்தமாக விற்கும் மாதப்பன் என்ற வியாபாரி, ‘வீரர் சீட்டு’ என்று ஒரு விளையாட்டை அவரே யோசித்து எங்களிடம் அச்சடிக்கக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம். இடது மூலையில் ஓர் எண், அது ‘அடி’. வலது மூலையில் ஓர் எண், அது ‘உயிர்’. ஒருவர் ஒரு சீட்டை இறக்கித் தாக்குவார், எதிரி ஒரு சீட்டை வைத்துத் தடுப்பார். வாங்கிய அடி தன் உயிருக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் அந்தச் சீட்டு செத்தது. குறைவாக இருந்தால் பிழைத்தது. யார் கையில் சீட்டு தீர்கிறதோ அவர் தோற்றார்.

விதிகளை ஒரு சின்னத் தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட வேண்டும். மாதப்பன் எழுதிக் கொடுத்தது ஒன்பது வரி. பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எழுத்தைக் கோத்து, இரும்புச் சட்டத்துக்குள் வைத்து முடுக்கிப் பார்த்தேன். எட்டு வரிதான் கொண்டது. வரிக்கு நடுவில் போடும் ஈயத் தகடுகளை எல்லாம் உருவிப் பார்த்தும் ஒன்பதாவது வரி உள்ளே போக மாட்டேன் என்றது.

எந்த வரியை எடுக்கலாம் என்று படித்தேன். ஏழாவது வரி இப்படி இருந்தது: ‘இரண்டு சீட்டின் அடியும் ஒரே நேரத்தில் விழும், சாகும் சீட்டும் தன் அடியைக் கொடுத்துவிட்டே சாகும்.’ இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதைப் போய் யார் எழுதிக் காட்டுவார்கள் என்று நினைத்து அதை எடுத்துவிட்டேன். முதலாளி அந்தோணி புரூஃபில் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தார். மாதப்பனுக்கு நான் காட்டவே இல்லை.

2. கடத்தூரில் ஒன்று, ஏரியூரில் ஒன்று

அந்த ஒரு வரி இல்லாமல் ஜில்லாவே இரண்டாகிப் போனது. கடத்தூரில் தாக்குகிறவன் அடிதான் முதலில் விழும், செத்தவன் கை தூக்கக் கூடாது. ஏரியூரில் தடுக்கிறவனுக்குத்தான் முதல் அடி. கேட்டால், “நம்ம வூட்டுக்குள்ள வந்தவனுக்கு நாம மொதல்ல குடுக்கறதுதானங்க நாயம்” என்று ஒரு வாத்தியாரே சொன்னார். மாமன் மச்சான் பேச்சு நின்ற வீடுகூட உண்டு. எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது எழுத்துகள் போட்டு வைக்கும் என் டைப் கேஸ் முன்னால். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. சொன்னாலும், “அச்சுல இல்லியே” என்று கிளம்பிவிடுவார்கள். கோத்தவன் பேச்சைவிடக் கோத்த எழுத்துக்குத்தான் மரியாதை.

கண்டக்டர் வந்துபோன அன்றே முதலாளி கூப்பிட்டார்.

“சந்தை அன்னிக்கு மாதப்பன் வர்றாரு. சரக்கு பூராத்தையும் திருப்பப் போறாராம். பெட்டிங்க இங்க எறங்குனா நீ அந்த வண்டியில ஏறிக்க வேண்டியதுதான்.”

“ஆறு வருஷமா இங்கதான இருக்கறங்க.”

“ஆறு வருஷத்துல ஒரு வரிதான் உட்ட, நல்லா பாத்து உட்ட.”

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் அச்சாபீஸ் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

3. சந்தை நாள்

மாதப்பன் வந்து உட்கார்ந்தார். நான் வரியை எடுத்ததை ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு வரியைத் துண்டுத் தாளில் அடித்து எல்லாப் பெட்டியிலும் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் கேட்பதாக இல்லை. அந்த நேரம் பார்த்து சின்னராஜும் வந்து சேர்ந்தார். அன்று அவருக்கு லீவு.

“அந்த வரிய சேத்தா மட்டும் ஆட்டம் ஆட்டமா இருக்குமாங்க? வாங்க, ஒரு கை போட்டுப் பாத்துருவோம்,” என்றார் மாதப்பனிடம்.

பேப்பர் ரீம் மேல் சீட்டைப் பரப்பினார்கள். எடுத்த வரியையும் சேர்த்தே ஆடினார்கள். ஆளுக்கு ஐந்து சீட்டில் கடைசியில் ஒவ்வொன்று மிஞ்சியது. சின்னராஜிடம் யானை: அடி நாலு, உயிர் ஐந்து. மாதப்பனிடம் வில்லாளி: அடி ஐந்து, உயிர் மூன்று. சின்னராஜ் யானையை இறக்கினார், மாதப்பன் வில்லாளியால் தடுத்தார்.

“உங்காளு போய்ட்டானுங்க.”

“போனவன் ஒங்க யானையையும் கூட்டிக்கிட்டுத்தான் போறான். அஞ்சுக்கு அஞ்சு. எடுங்க யானைய.”

இரண்டு சீட்டும் செத்தன. இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை. மாதப்பன் சிரித்தார். சின்னராஜ் சிரிக்கவில்லை.

“சரிங்க. இப்ப ஜெயிச்சது யாரு?”

முதலாளியோடு சேர்த்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாதப்பன் கைப்பட எழுதிய மூலத் தாளைக் கொக்கியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்பது வரியையும் அவர் விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். இரண்டு பேர் கையும் ஒன்றாகத் தீர்ந்தால் யாருக்கு ஜெயம் என்பதற்கு அங்கே வரியே இல்லை.

அவர் தாளை முதலாளி பக்கம் தள்ளினார்.

“அந்தோணி, துண்டுத் தாளுல ரெண்டு வரி கொள்ளுமா?” என்றார் மாதப்பன். “ஒண்ணு இவரு உட்டது. ஒண்ணு நான் உட்டது.”

சரக்கு திரும்பவில்லை. நானும் போகவில்லை.

அதற்குப் பிறகு வேலையை விடும்வரை, எந்த மூலம் வந்தாலும் முதலில் வரியை எண்ணித் தாளின் ஓரத்தில் எழுதுவேன், கோத்த பிறகு எண்ணிப் பார்ப்பேன். இடம் பற்றவில்லை என்றால் எழுதியவரைக் கூப்பிட்டு எதை எடுக்கலாம் என்று அவரையே கேட்பேன். எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்து ஒரு வரியை நீங்கள் எடுத்தால், அதைத் தெரியாதவர் அத்தனை பேரும் உங்கள் வாசலில் பஸ்ஸை நிறுத்துவார்கள்.