பூட்டாத கதவுகள்

கனடாவின் மொன்றியலிலிருந்து மூன்று விமானம் மாறி, துருவ ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மூச்சு இழுத்தால் மூக்குக்குள் முடி உறைந்து குத்துகிறது. எனக்கோ சிரிப்புதான் வருகிறது. ஆறு வருடம் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்த இடத்தில் என் பூட்ஸ் நிற்கிறது!

விமானத்திடலிலிருந்து என்னை வண்டியில் அழைத்து வந்தவர் யோகன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், குடும்பம் மொன்றியலில், வேலை இங்கே ஜெனரேட்டரோடு. இறங்கியதும் என் பக்கக் கதவைப் பூட்டி, திருச்சிப் பழக்கத்தில் கைப்பிடியை இரண்டு முறை இழுத்தும் பார்க்கிறேன்.

"ஐயோ தங்கச்சி, பூட்டாதேங்கோ! இஞ்ச ஒருத்தரும் பூட்டுறேல்லை."

"யாரும் திருடிட மாட்டாங்களா அண்ணா?"

"கள்ளன் வரமாட்டான். வெள்ளைக்கரடி வரும். ஓடிவாற ஆள் எந்தக் கதவை இழுத்தாலும் திறக்கோணும்."

மதியம் வாசலுக்குச் சற்றுத் தள்ளிப் பனியின் ஆழத்தை அளந்துகொண்டிருக்கிறேன். அபாயச் சங்கு அலறுகிறது. கரடி! அளவுகோலைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். யாருடைய வண்டியோ, கதவை இழுத்ததும் திறக்கிறது. உள்ளே விழுந்து சாத்திக்கொள்கிறேன். தூரத்தில் அது, வெண்ணெய் நிறத்தில், கொஞ்சமும் அவசரமில்லாமல் நடக்கிறது. என் வாய் "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்று கத்துகிறது.

கை தானாகப் பூட்டுக்குப் போகிறது. அப்போதுதான் ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்து யோகன் அண்ணை இந்தப் பக்கம் ஓடிவருவது தெரிகிறது. அவர் கைப்பிடியைத் தொடும் முன்பே கதவைத் திறந்துவிடுகிறேன்.