பம்ப் அறைக்குக் கலை வந்தது

என் அக்கா வீட்டுக்காரருக்கு உலகத்தில் எல்லார் மேலும் சந்தேகம். பால் கொஞ்சம் கெட்டியாக இருந்தால்கூட, "இன்னைக்கு ஏன் தண்ணி கலக்கல?" என்று பால்காரரைக் கேட்கிற ஆள். யாராவது வணக்கம் வைத்தால் பதிலுக்கு வைத்துவிட்டு, "இவனுக்கு நம்மகிட்ட என்ன வேணுமாம்?" என்று என் பக்கம் திரும்புவார். பல்கலைக்கழகத்தின் பம்ப் அறையை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதே வளாகத்தில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. யார் யாரிடமோ சொல்லிவைத்து அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததும் அத்தான்தான்.

ஒரு நாள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'வளாகமெங்கும் கலை' என்று ஒரு திட்டமாம். படித்தவர்களுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் நாற்காலி தூக்குவது நாங்கள்தான். நூலகத்துக்கு ஒரு ஓவியர், பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு நாடகக் குழு, பம்ப் அறைக்கு ஒரு ஒலிக் கலைஞர் என்று பிரித்திருந்தார்கள். மூன்று மாதம் கூடவே இருப்பார்கள், ஊழியர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

அத்தான் அதை நாலு தடவை படித்தார். "பம்ப் ரூம்ல என்னடா கலை? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. அவங்களுக்கெல்லாம் படம், கூத்து. நமக்கு மட்டும் ஒலி. ஏன்?"

"ஏன்?" என்றேன், அவர் முகத்துக்கு நேராக.

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அத்தானுக்குக் காது போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மூன்று மோட்டார்களுக்கு நடுவில் அத்தனை காலம் நின்றால் யாருக்குத்தான் போகாது? அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பம்ப் அறைக்குள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள், பாதியை ஊகித்துத்தான் பதில் சொல்வார்கள். அந்த இரைச்சலில் ஒளிந்துகொள்வது சுலபம். யார் வாயைத் திறந்தாலும் அத்தான் வலது கையைத் தூக்கி, சரி சரி என்று காட்டிவிடுவார். வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் நர்ஸம்மா முதுகுப் பக்கம் நின்றுகொண்டு எண்களை மெல்லச் சொல்வார். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடியில் நர்ஸம்மாவின் உதடு தெரியும், அதைப் பார்த்தே அத்தான் திருப்பிச் சொல்லிவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அத்தானை மிஞ்ச ஆளில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். பம்ப் அறையை ஒட்டிய வீடு பம்ப் ஓட்டுபவருக்கு உரியது. வேலை மாறினால் வீடும் போகும். அக்கா அந்த வீட்டில்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் அத்தானின் ஒரே ஆசை.

ஒலிக்கார அம்மா வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஹெட்போன், கையில் ரோமம் போர்த்திய மைக். அதைப் பார்த்தால் அணில் குட்டி மாதிரி இருக்கும். முதல் நாளே அத்தானிடம், "அய்யா, இந்த மூணு மோட்டார்ல உங்களுக்குப் பிடிச்ச சத்தம் எது?" என்று கேட்டார்.

அத்தான் கையைத் தூக்கி, "ரெண்டு மணிக்கு நிறுத்திடுவேன்" என்றார்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு விசாரணைதான். "அவ ஏன் சிரிச்சா?"

"நல்ல பதில்தானே அத்தான்."

"அதுதான் சந்தேகமா இருக்கு."

பராமரிப்புப் பொறியாளரோடு அந்த அம்மா கேன்டீனில் டீ குடித்ததை ஒரு நாள் பார்த்தேன். நான் சும்மா இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அத்தானுக்குக் கயிறு கிடைத்துவிட்டது. அந்த அம்மா நோட்டில் எழுதினால் இவரைப் பற்றி, எழுதாவிட்டால் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறார். தினமும் ஒரு சின்னப் பதிவுக் கருவியை மூலையில் ஓடவிட்டுப் போவார். அத்தான் அதன்மேல் வாளியைக் கவிழ்த்தார். மறுநாள் அந்த அம்மா வந்து, "வாளிக்குள்ள இருந்து கேட்டா சத்தம் இன்னும் நல்லா இருக்கு அய்யா" என்று நன்றி சொன்னார். அதோடு அத்தான் வாளியை எடுத்துவிட்டார். அக்காவுக்கோ அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது. "உங்க அக்கா வெளுத்ததெல்லாம் பால்னு நம்புறவ" என்று அத்தான் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

இரண்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விளக்கு மாற்ற பம்ப் அறைக்குப் போனேன். மோட்டார்கள் நின்றிருந்தன. தரைக்கு அடியில் இருந்த தொட்டிக்குள்ளிருந்து துப்புரவுக்காரரின் குரல் வந்தது. குழாய் வாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கைக் கைவிட்டு இழுத்துக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இறங்குமுன் சுவிட்சில் 'ஆள் உள்ளே' என்று பலகை மாட்ட வேண்டும். யாரும் மாட்டுவதில்லை. இறங்குறேன் என்று கத்துவார்கள், அத்தான் கையைத் தூக்குவார், இறங்கிவிடுவார்கள். அன்றும் தூக்கியிருக்கிறார்.

அத்தான் மோட்டாரைப் போட நடந்துகொண்டிருந்தார்.

"அத்தான்!" என்று கத்தினேன். என் நிழல் தெரிந்ததோ என்னவோ, திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினார்.

வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை நான் இழுத்ததற்கும் அவர் பொத்தானை அழுத்தியதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். மோட்டார் ஓடவில்லை. திரும்பியவரிடம், "ஃபியூஸ் மாத்தறேன் அத்தான், அரை மணி பொறுங்க" என்றேன். துப்புரவுக்காரர் ஏறி வரும்வரை சுவிட்சைவிட்டு நகரவில்லை. உள்ளே இருந்தவருக்கும் ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் இரண்டு கையோடு இருக்கிறார்.

ஆனால் மூலையில் அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒலிக்கார அம்மா பட்டறையில் என்னைத் தேடி வந்தார். "செவ்வாக்கிழமை பதிவைக் கேட்டேன். தொட்டிக்குள்ள ஆள் இருந்தது அய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் யார்கிட்டயும் பேச மாட்டேன், தம்பி. ஆனா அவர்கிட்ட நீங்க சொல்லிடணும். நீங்க சொன்னா கேப்பார். அவரே போய் வேற வேலை கேட்டுட்டா மரியாதையோட போயிடும்."

சரி என்று தலையாட்டினேன். அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வாசலில் உட்கார்ந்து அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கேட்டேன். வந்த விஷயத்தைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். மறுநாள் நேராகப் பொறியாளரிடம் போனேன். காது விஷயத்தை மட்டும் சொன்னேன், செவ்வாய்க்கிழமையைச் சொல்லவில்லை. "என் பேரு வெளிய வரக் கூடாது சார்" என்று கும்பிட்டேன்.

அந்த வாரமே வெளி மருத்துவமனையில் பரிசோதனை. சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்களாம். அத்தான் சத்தம் வராதபோதும் தூக்கியிருக்கிறார். பழைய சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

"நான் சொன்னேன்ல?" என்றார் அத்தான். அவர் முகத்தில் துக்கத்தோடு ஒரு திருப்தியும் இருந்ததுதான் கொடுமை. "முதல் நாளே சொன்னேன். அவதான்."

திட்டத்தின் நிறைவு நாளில், மூன்று மாதத்துச் சத்தங்களைக் கோத்துக் கலையரங்கில் போட்டார்கள். அத்தான் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "வா மச்சான். நாலு பேர் முன்னாடி கேக்கணும்."

இருபது நிமிஷம் ஓடியது. தண்ணீர் குழாயில் ஏறுவது, மோட்டார் மூச்சுப்பிடிப்பது, வால்வு திறப்பது எல்லாம் வந்தன. தினமும் நான் கடந்துபோன சத்தம்தான். அது இவ்வளவு அழகென்று அன்றுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை எப்போது வந்துவிடுமோ என்று ஒவ்வொரு சத்தமாகக் கவனித்தேன். வரவில்லை. பக்கத்தில் அத்தான் மேடையை முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இருபத்திரண்டு வருஷமும் மண்டபம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

கைதட்டல் முடிவதற்குள் எழுந்துவிட்டார். "இந்தம்மா கலைக்காக வரல. என் காதைக் காட்டிக் கொடுக்கத்தான் வந்தாங்க. என் பொண்டாட்டி கையால டீ வாங்கிக் குடிச்சுட்டு, கூட இருந்தே குழி பறிச்சுட்டாங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

கைதட்டல் நின்றுபோனது. முன் வரிசையில் பொறியாளர் தரையைப் பார்த்தார். அந்த அம்மாவின் கண் என்னிடம் வந்து நின்றது. ஒரு பொத்தானை அழுத்திச் செவ்வாய்க்கிழமைப் பதிவை ஓடவிட்டால் போதும், தான் யார், நான் யார் என்று எல்லாருக்கும் காட்டியிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை வெளியே வந்தால் அத்தானுக்குக் கிடங்கு வேலைகூட மிஞ்சாது என்று அவருக்கும் தெரியும்.

"மன்னிச்சுடுங்க அய்யா" என்றார், உதடு நன்றாகத் தெரியும்படி.

"பாத்தியா, ஒத்துக்கிட்டா" என்று அத்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மாணவர்கள் விலகி வழிவிட்டார்கள். வெளி வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கண் கலங்கியிருந்தது. "இனி இங்க ஒருத்தரையும் நம்பக் கூடாது மச்சான். நல்ல வேளை, எனக்கு நீயாவது இருக்கே."

நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "நான்தான் அத்தான் சொன்னேன்" என்றேன். என் காதுக்கு மட்டும் கேட்டது.

"என்ன?" என்றார், என் தாடை அசைந்ததைப் பார்த்து.

"படி இருக்கு அத்தான், பாத்து வாங்க" என்றேன், அவர் முகத்துக்கு நேராக.