தன் பெயரை எழுதத் தெரியாத டீச்சர்

ஜெர்மனியில் டிராமுக்குக் காத்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்த்தால் என்னமோ கடன் கேட்கப் போகிறோம் என்பதுபோல் நெளிவார்கள். அதனால் எல்லோரும் நிறுத்தத்தின் கண்ணாடிக்குள் இருக்கும் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் எட்டு வருடமாக யோகட்டையும் காப்புறுதியையும் பார்த்து நின்று பழகியவன்தான். டோர்ட்முண்டில் போன குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கண்ணாடிக்குள் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஆள் உயரம். பின்னால் விளக்கு வேறு எரிந்தது. முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் கொழுந்து பறிக்கிறவர்கள் சுற்றிக்கட்டும் படங்குச் சாக்கு, அவளுக்குப் பின்னால் இலங்கையில் எங்கள் ஊரான வட்டகொடையின் பனி மூடிய மலை. நான் எடுத்த படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் இப்படிப் போட்டிருந்தார்கள்: “இவர் மாலா. தேயிலை பறிக்கிறார். தன் பெயரை எழுத இவருக்குத் தெரியாது. நீங்கள் நினைத்தால் கற்றுக்கொள்வார்.” அதற்குக் கீழே ஒரு தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கு இலக்கம்.

என் அக்காவின் பெயர் மாலா இல்லை, தவமணி. அவள் தேயிலை பறிக்கவில்லை. வட்டகொடைக்குப் பக்கத்திலுள்ள தோட்டப் பாடசாலையில் பதினாறு வருடமாக ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் பொம்பளைப் பிள்ளை அவள்தான். எனக்குத் தலை கொதித்தது. பக்கத்தில் நின்ற வயதான பெண்மணியிடம் வாய் தானாகத் திறந்துவிட்டது. “அது என் அக்கா. படம் நான் எடுத்தது. எழுதியிருப்பது எல்லாம் பொய்” என்றேன். கோபம் வந்தால் என் ஜெர்மன் மொழி காலை வாரிவிடும். வினைச்சொற்கள் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். அந்த அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு இரக்கம். “நான் ஏற்கெனவே வேறு ஒரு அமைப்புக்கு மாதாமாதம் கொடுக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு நல்லது நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு டிராமில் ஏறிப் போய்விட்டார். அக்காவின் படத்தைக் காட்டிக் காசு கேட்கிறவன் என்று நினைத்திருக்கிறார். நினைக்கத்தானே செய்வார், கண்ணாடிக்குள் இருப்பவளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு என் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும். கல்யாண வீட்டில் படம் பிடிக்கிறவன் இல்லை நான். படங்களை எடுத்து இணையத்தில் இருக்கும் படக் கிடங்குகளில் ஏற்றி வைப்பேன். பத்திரிகைக்காரரோ விளம்பரக்காரரோ பாடப்புத்தகம் அடிக்கிறவரோ தங்களுக்கு வேண்டியதைத் தேடும்போது என் படம் அகப்பட்டால், அதைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிக்கொள்வார்கள். யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில்லறைதான். ஆயிரக்கணக்கில் ஏற்றினால் வீட்டு வாடகை தேறும். கை குலுக்கும் கைகள், சலாட் தின்றுகொண்டே சிரிக்கும் பெண், மடிக்கணினியும் கோப்பிக் கோப்பையும், எல்லாம் எடுத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எடுக்க இங்கே தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாத சரக்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது, எங்கள் மலை. படத்தை ஏற்றும்போது அதைத் தேடுகிறவர் கண்ணில் படுவதற்காக ஐம்பது சொற்கள்வரை கூடவே எழுதிக் கொடுக்க வேண்டும். படத்தைவிட அந்தச் சொற்கள்தான் விற்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

நான் முதலில் எடுத்தது அக்காவை அக்காவாகத்தான். அதை இங்கே அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவளைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தேன். எங்கள் ஆட்கள் வேலை உடுப்போடு கமராவுக்கு முன்னால் நிற்கமாட்டார்கள். படம் பிடிக்கப் போகிறோம் என்றால் முகம் கழுவி, பவுடர் போட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். அக்காவும் நீலச் சேலை கட்டி, கையில் வெண்கட்டியோடு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அருமையான படம். அதை ஏற்றி ஒரு வருடம் காத்திருந்தேன். ஒருவரும் வாங்கவில்லை. தோட்டத்தில் ஒரு டீச்சர் இருக்கிறாள் என்பதை உலகத்தில் யாரும் தேடவில்லை. அதே நாட்களில் யாரோ ஒரு சுற்றுலாக்காரர் எங்கள் மலைநாட்டு நோர்வூட் பக்கம் எடுத்த, கொழுந்துக் கூடையோடு குனிந்து நிற்கும் அம்மா ஒருவரின் படம் அதே கிடங்கில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது, கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டேன். போயா என்னும் பௌர்ணமி லீவு நாள் அது, பாடசாலை இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அம்மா நம்மள மலையில இருந்து எறக்கத்தான் அம்புட்டு கஷ்டப்பட்டாங்க. நீ என்னைய மறுபடி ஏத்தப் பாக்குறியா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “சரி, ஒனக்காக ஒரு நாளு” என்று எழுந்தாள். கூடை தேடினால் கிடைக்கவில்லை. இப்போது எங்கள் பக்கம் நிறையப் பேர் சாக்குப் பையில்தான் கொழுந்து போடுகிறார்கள். கடைசியில் பக்கத்துக் காம்பரா லெட்சுமி மதினி வீட்டுக்குப் பின்னால் கோழியை மூடிக் கவிழ்த்து வைத்திருந்த பழைய கூடை ஒன்று கிடைத்தது. கோழியை விரட்டி, கழுவி, அக்காவின் தலையில் கயிற்றை மாட்டிவிட்டது நான்தான். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “என்னா டீச்சர், பேரு பதிஞ்சாச்சா? நாளைக்கு பெரட்டுக்கு வந்துருவீங்களா?” என்று கேட்டார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் டீச்சர் வந்து நிற்பதை நினைத்து அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்தான், “சிரிக்காத, கமராவப் பாக்காத, களைச்ச மாதிரி கீழ பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். களைப்பு வரும்வரை ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தேன். அது உண்மையான களைப்புத்தான், அதிலொன்றும் பொய்யில்லை.

படத்தில் இருப்பவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் கிடங்குக்காரர்கள் ஏற்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். எங்கள் லயத்தில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் அக்காவிடம்தான் வரும். சேமலாப நிதிப் பத்திரம், பொலிஸிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட விடுவாள். வாசிக்காமல் கைநாட்டு வைத்தே நாசமாய்ப் போன சனம் நாங்கள் என்று எல்லோரையும் ஏசுவாள். அப்படிப்பட்டவள் என் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி குடுக்குற தாளையுமா வாசிக்கணும்?” என்று மடியில் வைத்தே அழகாகக் கையெழுத்துப் போட்டாள். நோய், வறுமை போன்ற விஷயங்களுக்கும் படத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டம் அதில் இருந்தது. அதில் சரி அடையாளம் போட்டால் கூடுதலாக விற்கும். அந்த அடையாளத்தை நான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன்.

விளம்பரத்தைப் பார்த்த அன்றே தொண்டு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தேனொழுகப் பேசினார் அங்கிருந்த பெண். “அது ஸிம்போல்பில்ட்” என்றார். அதாவது அடையாளத்துக்கு ஒரு படம், அந்த ஆளைக் குறிப்பதல்ல. மூலையில் பொடி எழுத்தில் அப்படிப் போட்டுமிருக்கிறார்களாம். அப்படியென்றால் எங்கள் வீட்டுப் பெண்ணின் முகம் எதற்கு, உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் முகத்தைப் போட்டு எழுதத் தெரியாதவள் என்று சொல்லுங்களேன் என்றேன். அவர் மிகவும் கனிவாகக் கேட்டார்: “உங்கள் சகோதரி எங்கள் எழுத்தறிவு வகுப்பில் சேர விரும்புகிறாரா? விண்ணப்பத்தை உங்களுக்கு அனுப்பட்டுமா?” அவள் வகுப்பு எடுக்கிறவள் என்று மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் கத்தியேவிட்டேன். “உங்கள் வருத்தம் புரிகிறது” என்றார். ஒன்றும் புரியவில்லை. உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், கையெழுத்து இருக்கிறது, விளம்பரம் மூன்று மாதத்துக்கு நகரம் முழுக்க இருக்கும். சட்டம் அவர்கள் பக்கம். இந்த நாட்டில் சட்டம் உங்கள் பக்கம் இருந்துவிட்டால் அதற்குமேல் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே அவள் கூப்பிட்டுவிட்டாள். எங்கள் பக்கத்து ஊரான தலவாக்கலைப் பையன் ஒருவன் இதே நகரத்தில் இருக்கிறான். அவன் விளம்பரத்தைப் படம் பிடித்து, கீழே இருப்பதைத் தமிழில் எழுதி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அது பூண்டுலோயா வரைக்கும் சுற்றிவிட்டு அவளிடம் வந்திருக்கிறது.

“புலமைப்பரிசில் வகுப்பு புள்ளையோட அப்பா ஒருத்தர் வந்து, ‘டீச்சருக்கே எழுதத் தெரியாதாமே, எம்புள்ள எப்படி பாஸாகும்’னு கேட்டுட்டு சிரிக்கிறாரு” என்றாள். “வெளையாட்டுக்குத்தான் கேட்டாரு. ஆனா புள்ளைங்க முன்னாடி கேட்டாரு.”

அழுதாள். அவள் அழுது நான் அதுவரை கேட்டதே இல்லை. நான் அந்த நிறுவனத்தைத் திட்டினேன், வெள்ளைக்காரனின் திமிரைத் திட்டினேன், எங்கள் சனத்தைக் கூடையும் கையுமாகத் தவிர வேறு மாதிரிப் பார்க்கத் தெரியாத உலகத்தைத் திட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவங்களுக்கு என் படம் எப்படிடா கெடச்சுது? அம்புட்டு படம் இருக்குதுன்னு சொல்லுவியே.”

பதில் எனக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். கிடங்கில் என் பக்கத்தைத் திறந்து அந்தப் படத்தின் கீழ் நான் எழுதிக் கொடுத்த சொற்களைப் பார்த்தேன். தேயிலை, இலங்கை, மலை, பெண், தொழிலாளி, ஏழை, களைப்பு. முப்பத்தேழாவது சொல், எழுத்தறிவற்றவர். சத்தியமாக யோசித்து எழுதியதில்லை. நன்றாக விற்கும் இன்னொருவரின் படத்துக்குக் கீழே இருந்த பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். யாரோ ஒருவர் அலுவலகத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைத் தட்டியிருக்கிறார், என் அக்கா வந்து நின்றிருக்கிறாள். இத்தனை நாள் யார் மேலெல்லாமோ எரிந்து விழுந்தேன். எழுதிக் கொடுத்தவன் நானே.

அதை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னேன். அந்தப் பக்கம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

“தாள வாசிக்காதது என் தப்பு. அத நான் ஒத்துக்குறேன்” என்றாள் கடைசியில். “எழுதுனது ஒன் தப்பு. அத அழிச்சிடு. அது சரி, அங்க ரோட்டுல நிக்கிறாளே ஒருத்தி, அவள என்னா செய்யப் போற?”

படத்தையும், அந்த மலைப் படங்கள் மொத்தத்தையும் அன்றைக்கே கிடங்கிலிருந்து எடுத்துவிட்டேன். வருமானத்தில் பாதிக்கு மேல் போயிற்று. போகட்டும். ஆனால் ஏற்கெனவே விற்ற உரிமை விற்றதுதான். கண்ணாடிக்குள் இருப்பவளை அது ஒன்றும் செய்யாது.

இரண்டு நாள் கழித்து அக்கா ஒரு படம் அனுப்பினாள். அப்பியாசக் கொப்பித் தாளில் அவள் கைப்பட எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும் அதே உருண்டையான எழுத்து. “என் பெயர் தவமணி. நான் ஒரு ஆசிரியை. இதை எழுதியது நான்.” சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத அவளுக்குத் தெரியும். எழுதவில்லை, தமிழில் மட்டும்தான். அதைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். பயம் இல்லாமல் இல்லை. என் குடியுரிமை விண்ணப்பம் இந்த நகரத்தின் அலுவலகத்தில் கிடக்கிறது. நிறுத்தத்துக் கண்ணாடியில் எதையாவது ஒட்டினால் தண்டம் கட்ட வேண்டும், பொலிஸ் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். ஒழுங்கான பிரஜையாக இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தத் தாளை மட்டும் ஒரு வரி விடாமல் வாசித்திருந்தேன்.

மறுநாள் காலை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவின் எழுத்தை அந்தப் பொய்க்கு மேலே ஒட்டினேன். நான்கு மூலையிலும் பசைநாடாவை அழுத்தித் தேய்த்தேன். ஒருவர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். பாடசாலைப் பை மாட்டிய சிறுமி ஒருத்தி வாயைத் திறந்து பார்த்தாள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் அருகில் வந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, எழுத்துக்களை இடமிருந்து வலமாக, பிறகு மேலிருந்து கீழாகப் பார்த்தார். “என்ன எழுதியிருக்கிறது? எனக்கு வாசிக்கத் தெரியவில்லையே” என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். எட்டு வருடத்தில் இந்த ஊரில் ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்வதற்குள் அவருடைய டிராம் வந்துவிட்டது.

ஒட்டியதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது மதிய இடைவேளை. உடனே பதில் வந்தது.

“யாராச்சும் வாசிச்சாங்களா?”

நிறுத்தத்தில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அடுத்த டிராமும் வந்து கதவைத் திறந்து, யாருக்கோ காத்திருந்து, மூடிக்கொண்டு போனது.

“நான் வாசிச்சேன் அக்கா” என்று எழுதினேன்.