பலாவின் முதல் பிஞ்சு

தேவிகாபுரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருப்பதால், ஆரணி பேருந்து நிலையத்தின் அருகே வீடுகளுக்கு நடுவில் இருக்கும் மாதிரிப் பழத்தோட்டத்துக்குள் நுழைகிறேன். கொய்யாவும் சப்போட்டாவும் காய்த்துத் தொங்குகின்றன. ஓரத்தில் நிற்கும் பலாவை மட்டும் இன்று வெட்டப்போகிறார்கள். இத்தனை வருடமாகியும் அது காய்க்கவில்லையாம். மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்துவிட்டார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வி, அவருக்கு இடம்விட அடிமரத்துச் சருகை ஒதுக்குகிறார். ஒதுக்கிய கை நின்றுவிடுகிறது.

"அண்ணே, ஜல்தி வாங்க! இது பிஞ்சுதானே?"

சருகு மறைத்திருந்த அடிமரத்தில் முட்டை அளவில், முள்முள்ளாக, பச்சையாக ஒன்று. மரம் வெட்டுகிறவர் உட்கார்ந்து பார்க்கிறார்.

"காம்பு தடியா கீதும்மா. உதிராது, நிக்கும்."

"பண்ருட்டிலதான் காய்க்கும்னு எல்லாரும் சொல்லிகினு இருந்தாங்கண்ணே!" செல்வி சிரிக்கிறார், கண் கலங்கியிருக்கிறது.

மரம் வெட்டுகிறவர், வெட்டச் சொன்ன தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போன் செய்கிறார். "சார், காய் வெச்ச மரத்துல நான் கை வெக்க மாட்டேன். வந்து பாருங்க."

'சரி, விட்டுடுங்க' என்று பதில் வருகிறது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் செல்வியிடம் திரும்புகிறார்.

"பழுத்தா எனக்கு ஒரு கொட்டை எடுத்து வையும்மா. எங்க ஊட்டாண்ட எடம் கீது."