ஆமெனுக்குப் பிறகு ஒரு வரி

எல்லாரும் நிறுத்திய இடத்தில் நான் மட்டும் நிறுத்தவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி மூன்றாம் நாள், சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கத்தோலிக்க மாமியார் வீட்டுக் கூடத்தில் மாதா சுரூபத்துக்கு முன் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. நான் ஆஸ்டின் டவுனில், சிலையோ மெழுகுவர்த்தியோ இல்லாத புராட்டஸ்டண்ட் வீட்டில் வளர்ந்தவள். மாதாவிடம் வேண்டும் ஜெபங்களுக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் வந்ததும், இது எனக்கும் சொந்தமாயிற்றே என்று குரலைச் சேர்த்துக்கொண்டேன். தீமையிலிருந்து காக்கக் கேட்கும் இடத்தில் அவர்கள் ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள். எங்கள் சபையில் அதற்குப் பிறகும், ஆட்சியும் மகிமையும் கடவுளுடையதே என்று ஒரு வரி உண்டு. கூடமே அமைதியாகிவிட, என் குரல் மட்டும் அந்த வரியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜெபமாலையை நடத்தியவர் என் நாத்தனார். என் கணவருக்கு அக்கா, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட கணக்கு டீச்சர். மணியை விரலில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உங்க ஆளுங்களுக்கு எங்க நிறுத்தணும்னே தெரியாதா?" என்றார். எனக்குக் காது சுட்டது. ஜெபமாலையில் அந்த ஜெபம் ஆறு தடவை வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. முதல் தடவை பழக்கத்தில் சொன்னேன். மீதி ஐந்து தடவையும் வேண்டுமென்றே சொன்னேன்.

கல்யாணம் அவர்கள் கோவிலில் நடந்தாலும் நான் சபை மாற மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஒரு வருடத்தில் என்னை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நாத்தனார் நம்பினார். அந்த ஒரு வரியை விட்டால் ஒவ்வொன்றாக எல்லாம் போய்விடும் என்று நான் பயந்தேன். அதனால் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், நான் மறந்துபோய்க் கைமா வாங்கி வந்து கோலா உருண்டை பொரித்துவிட்டேன். அத்தனையையும் நானே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று. செப்டம்பரில் மாதா திருநாளுக்கு ஒன்பது நாளும் நாத்தனார் நேர்ச்சையாகக் காவிச் சேலை கட்டுவார். அவற்றுக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பது நான்தான்.

"சேலைக்கு அயர்ன் பண்ற, மாதாவுக்கு ஒரு கும்பிடு போட மாட்டியா?" என்பார்.

"சேலைதான் அண்ணி கசங்கியிருக்கு" என்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில மாதங்களில், நான் என் வரியை முடிக்கும்வரை அவருடைய விரல் அடுத்த மணிக்கு நகராமல் நிற்கத் தொடங்கியது. முகத்தில் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் எரிச்சல் இருக்கும்.

பத்து வருடம் கழித்து அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் அன்று காலை, தியேட்டர் வாசலில், நர்ஸ் அவர் கையிலிருந்த ஜெபமாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவர், வெறுங்கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு, "நீ சொல்லும்மா, நானும் கூடச் சொல்றேன்" என்றார். அவர் பயந்திருந்தார். நானும்தான். அன்று வீம்புக்கு எனக்கு மனம் வரவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சேர்ந்து சொன்னோம். அவர்கள் முடிக்கும் இடத்தில் ஆமென் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடியபடி, கரகரத்த குரலில், என் வரியைத் தனியாக, ஒரு சொல் பிசகாமல் கடைசிவரை சொல்லி முடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டி சாதாரணக் கட்டிதான். இப்போது ரிட்டயர் ஆகி எங்களோடு தொம்மலூரில் இருக்கிறார். நானும் சபை மாறவில்லை, அவரும் மாறவில்லை. சாயங்கால ஜெபமாலையில் அவர் ஆமெனில் நின்று, நான் முடிக்கக் காத்திருக்கிறார். போன வாரம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்டேன்.

"நானா சொன்னேன்? மயக்க ஊசி போட்டிருந்தாங்க இல்ல, அதான் ஏதோ உளறியிருப்பேன்" என்றார்.

ஊசி போட்டது தியேட்டருக்குள் போன பிறகுதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கும் தெரியும்.